ஆண்டுக்கு ஒரு மிளகு

பீருமேடு முன்சீப் கோர்ட்டுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடையின் பின்பாதி என்னுடையது.
ஒரு மேசை. அட்டை போன அகராதி.
பக்கத்துக்கு அறுபது ரூபாய்.
அடித்தல் திருத்தலுக்குக் காசு வாங்குவதில்லை.

ஸ்ட்ராத்வே எஸ்டேட் ஆட்கள்
சொட்டும் குடைகளோடு வந்தார்கள்.
ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தேழாம் வருஷப் பத்திரம்.
ஆங்கிலம். அடியில் மலையாளத்தில் ஒரு கையெழுத்து,
அதற்கும் அடியில் யாருடையதோ பெருவிரல்.
‘தமிழ்ல சொல்லுங்க டீச்சர்’ என்றார் சேசுராஜ்.
நான் டீச்சரில்லை.
சொல்லிப் பார்த்து விட்டுவிட்டேன்.

முதல் பத்தியிலேயே டிமைஸ்.
கம்பெனி தந்த மொழிபெயர்ப்பில் அது மரணம்:
‘மேற்படி கர்த்தா மேற்படி மலையை
இதனால் இறந்துபோகிறார்.’
இந்த வாக்கியத்துக்கு ஒருவரும் அழுததாகத் தெரியவில்லை.
அன்றைக்கு டிமைஸ் என்றால் கைமாற்றிக் கொடுப்பது,
குத்தகைக்கு விடுவது.
ராஜா செத்தால் ராஜ்யம் கைமாறும்;
கைமாற்றத்தின் பெயர் மெல்ல நகர்ந்து
பிணத்தின்மேல் உட்கார்ந்துகொண்டது.

அடுத்தது டோப்.
இதற்கு அகராதியைத் திறக்கவில்லை.
நம்முடைய தோப்புதான்,
தொப்பி போட்டுக்கொண்டு வந்திருக்கிறது.

எஞ்சாய் என்று வந்ததும் சேசுராஜ் சிரித்தார்.
‘இந்த மலையில எதை எஞ்சாய் பண்ணினான்,
அட்டைக்கடியையா?’
சந்தோஷமில்லை அண்ணே, அனுபோகம்.
நிலத்தை வைத்து அனுபவிப்பது.
‘நாங்களும் அனுபவிச்சோம்’ என்றாள்
கதவோரம் நின்ற ரோசம்மா.
அதை எப்படி டைப் அடிப்பது என்று
எனக்குத் தெரியவில்லை.

வாடகை: கேட்டால் மட்டும், ஆண்டுக்கு ஒரு மிளகு.
‘ஒரு கிலோவா?’
ஒரு மணி.
கப்பலில் போய் இறங்கிய ஊரில்
அந்த ஒரு மணிக்கும் ஒரு மரியாதை இருந்திருக்கும்.
இங்கே கடைச் சுவரில்
முருக்கமரத்தைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறது கொடி,
உதிர்ந்ததைக் கோழி கொத்துகிறது.
சேசுராஜ் விரல்விட்டுக் கணக்குப் பார்த்தார்.
இதுவரை நூற்று முப்பத்தேழு மிளகு.
‘ஒரு ரசத்துக்குக் காணும்.’

ஒன்பதாம் ஷரத்தில் நின்றுவிட்டேன்.
லயத்து ஆட்கள் ஊற்றுக்குப் போய்வரும் பாதை,
வித்தவுட் லெட்.
கம்பெனி தாளில் இது ‘குத்தகை இல்லாதபடியால்’.
அந்த ‘இல்லாதபடியால்’ போன சித்திரையில்
முள்கம்பியாக ஊன்றப்பட்டது.
ரோசம்மா இப்போது குடத்தோடு
மூன்று வளைவு சுற்றிப் போகிறாள்.

லெட் என்றால் விடு, இன்றைக்கு.
அன்றைக்கு லெட் என்றால் தடுப்பு.
ஒரே முகத்தில் இரண்டு ஆள்,
ஒருவன் கதவைத் திறக்கிறான்,
ஒருவன் சாத்துகிறான்.
சாத்துகிறவனைப் பத்திரத்தில் விட்டுவிட்டு
எல்லோரும் மறந்துபோனார்கள்.
‘தடையின்றி’ என்று அடித்தேன்.
‘இதுக்கு என்ன சாட்சி?’ என்றார் சேசுராஜ்.
என் அகராதியில் எல்-லுக்கு முப்பது பக்கம் கிடையாது,
கரையான்.

மறுநாள் ரோசம்மா பாலிதீன் கவரைப் பிரித்தாள்.
குவைத்தில் ஒன்பது வருஷம் பாத்திரம் தேய்த்த பாஸ்போர்ட்.
உள்பக்கத்தில், சிங்கங்களுக்குக் கீழே,
அவளைத் தடையின்றிப் போகவிடுமாறு
ஜனாதிபதியின் பேரில் ஒரு வேண்டுகோள்.
அதே லெட். அதே வித்தவுட்.
‘எழுத்துக் கூட்டி நூறு தடவை வாசிச்சிருக்கேன்’ என்றாள்,
‘ஏர்போர்ட்ல உட்கார வச்சப்ப.’
எமிக்ரேஷன் கியூவில் நின்ற கதையை
ஆரம்பித்து, பாதியில் விட்டாள்.

அந்தப் பக்கத்தை நகல் எடுத்து இணைத்தோம்.
பதினொரு பக்கம், அறுநூற்று அறுபது;
அறுநூறு தந்தார்கள்.
நீதிபதி இரண்டு மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து
மூக்குக்கண்ணாடியைத் துடைத்து
துலாம் மாதத்துக்குத் தள்ளிவைத்தார்.

வேலி அப்படியே இருக்கிறது.
சேசுராஜிடம் கேட்டுக்கொண்ட லயத்துப் பிள்ளைகள்
அதற்குப் பேர் வைத்துவிட்டார்கள்.
போன ஞாயிறு நானே கேட்டேன்:
‘டேய், லெட்டுக்கு அந்தப் பக்கம்
பந்து போயிருச்சு, எவனாவது குனிஞ்சு போ.’