வீட்டுக்கு நாற்பது நிமிடம்

பிராண்டன் 48 என்றது பலகை.
கார்னெட் இண்டிகேட்டரைப் போட்டார்.
"பிரேக்கில் ஏதோ வாடை" என்றார்,
என்னைப் பார்க்காமல்.
எனக்கு ஒரு வாடையும் வரவில்லை.
அறுத்த கோதுமைத் தாளின் வாசம் மட்டும்
ஜன்னல் வழியே.

முகாம் அலுவலகத்துப் பையன்
உரிமத்தில் இருந்த முகவரியைப் படித்துவிட்டு
எங்களை இரண்டு தரம் பார்த்தான்.
ஓர் இரவுக்கு முப்பத்தெட்டு டாலர், மின்சாரத்தோடு.
எங்கள் வீட்டில் மின்சாரம் இருக்கிறது.
கட்டில் மூன்று இருக்கிறது.
அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.
பதினேழாம் எண் கொடுத்தான்,
தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில்.

ஐந்து மாதம். இருபத்தோராயிரம் கிலோமீட்டர்.
முன்கண்ணாடியில் இன்னமும்
நோவா ஸ்கோஷியாவின் கொசு ஒன்று,
கியூபெக்கில் மோதிய தட்டானின் ஒற்றைச் சிறகு,
சுப்பீரியர் ஏரிக்கரையில் மழையாய் விழுந்த ஈசல்கள்.
கழுவ விடமாட்டேன் என்கிறார்.
"ஊர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்."
ஊர் போய் என்பதை
ஜூன் மாதத்தில் வேறு குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஃபிரிட்ஜைக் காலி செய்யவென்று
மானிடோபா எல்லையிலிருந்தே வினோதமாய்ச் சமைக்கிறேன்.
நேற்று மதியம் பான்கேக்குக்குத் தொட்டுக்கொள்ள
வினிகரில் ஊறிய வெள்ளரி.
இன்று மிச்சம்
இரண்டு முட்டை, அரை வெங்காயம்,
குப்பியின் அடியில் ஒரு விரற்கடை கடுகு விழுது.
போதும். போதாவிட்டாலும் போதும்.

இரண்டாம் வாரமே சண்டை போட்டோம்.
சூ செயின்ட் மரியில் திரும்பவேண்டிய இடத்தை விட்டுவிட்டு
நீ சொல்லவில்லை என்றார்.
சொன்னேன்.
இந்த வண்டியில் கோபித்துக்கொண்டு போக
வேறு அறை கிடையாது.
கதவை அறைந்து சாத்தவும் வழியில்லை.
கழிவறைக் கதவு பிளாஸ்டிக், மடங்குவது,
எவ்வளவு ஆத்திரமாய் இழுத்தாலும்
க்ளிக் என்றுதான் சொல்லும்.
உள்ளே நின்று சிரித்துவிட்டேன்.
வெளியே அவர்,
எதற்குச் சிரிக்கிறாய் என்று
இன்னும் கோபமாய்.

அதற்குப் பிறகுதான் பழகியது
அடுப்புக்கும் மேசைக்கும் நடுவே
ஒருவர் கடக்க ஒருவர் மூச்சை இழுத்து ஒதுங்குவது.
ஒதுங்கினாலும் வயிறு உரசும்.
நாற்பத்தோரு வருடத்தில்
இத்தனை 'சாரி' சொன்னதில்லை நாங்கள்.
வீட்டில் நடை அகலம்.
அவர் கீழ்த்தளத்தில் டிவியோடு,
நான் மாடியில் தையல் மெஷினோடு.
சாப்பாடு ஆயிற்று என்று
படிக்கட்டில் நின்று கத்துவேன்.

கிர்ஸ்டன் செய்தி அனுப்பியிருக்கிறாள்.
எத்தனை மணிக்கு வருவீர்கள் அம்மா,
புல் வெட்டியாயிற்று,
சமையலறைக் குழாய் சொட்டுகிறது,
தபால் ஒரு பெட்டி நிறைய.
படித்துக் காட்டினேன்.
"குழாயா" என்றார்.
ஒரு சொல்லை அவ்வளவு நீளமாய்
அவர் இழுத்துக் கேட்டதில்லை.

அப்பாவுக்குப் பிரேக்கில் சந்தேகம், நாளைக்கு வருகிறோம்
என்று பதில் எழுதினேன்.
அவருக்காக நான் சொன்ன பொய்களில்
கை நடுங்காமல் எழுதியது இதுதான்.

பின்சக்கரத்தடியில் மரக்கட்டை வைத்தார்.
நீர்மட்டக் குமிழ் நடுவுக்கு வரவில்லை.
இன்னொரு கட்டை.
ஏறிப் பார்த்து, இறங்கி, மறுபடி ஏறி.
ஓர் இரவுதானே என்று சொல்லியிருக்கலாம்.
டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இருட்டிய பின்னும் நெடுஞ்சாலையில்
தானிய லாரிகள் மேற்கே போய்க்கொண்டிருந்தன.
அந்தப் பக்கம் கூர்ந்து பார்த்தால்
எங்கள் ஊர் வெளிச்சம்
அடிவானத்தில் அழுக்கு மஞ்சளாய்த் தெரியும்.
நாற்காலிகளைக்
கிழக்கே பார்த்துப் போட்டுக்கொண்டோம்.

ஆளுக்கொரு முட்டை.
"நாளைக்குக் காலையில்..." என்று ஆரம்பித்தார்.
"காபி மட்டும்தான்" என்றேன்.
சரி என்றார்.
கத்தி முனையால் அவர்
கடுகுக் குப்பியைச் சுரண்டும் சத்தம்
வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.