என் இடது, அவர்கள் வலது

சயான் நகராட்சிக் கூடத்தில்
ஒன்பது நாற்காலி, இரண்டு சக்கர நாற்காலி.
இன்று முதன்முறையாக முன்னால் நிற்பது நான்.

"வலது கை மேலே" என்கிறேன்
என் இடதைத் தூக்கியபடி.
எதிரே நிற்பவள் கண்ணாடியாக வேண்டும்;
பயிற்சியில் பாதி அதுதான்.

எட்டு வரை எண்ணிவிட்டேன்.
தத்தோபா சால்வே இன்னும் மூன்றில்,
பழைய பெஸ்ட் கண்டக்டர்.
எழும்பாத வலதை இடதால் ஏந்தி
சில்லறை எண்ணும் நிதானத்தில்.
"தாம்பா, மேடம்" என்றார்.
நின்றேன்,
கையை இறக்காமல்.
தோள் கடுத்தது.
ஒரு லோக்கல் முழுசாகக் கடந்து போயிற்று.
"நாலு" என்றார், அவரே.

திரும்புகையில் மாட்டுங்காவில்
ஒருவர் கோயிலுக்கு வழி கேட்டார்.
வலப்பக்கம் என்று சொல்லி
இடது கையை நீட்டினேன்.
பாவம்,
கையை நம்பிப் போய்விட்டார்.