ஏறுவதற்குப் பத்து தெத்ரி

எங்கள் கட்டட லிஃப்டுக்குள்
ஓர் உண்டியல் இருந்தது.
திபிலிசியில், க்ல்தானிப் பக்கம்
நீங்கள் யாரையாவது பார்க்க வந்திருந்தால் தெரியும்:
பத்து தெத்ரி போட்டால்தான் பொத்தான் ஒளிரும்.
பிறகு லிஃப்ட் ஒரு பெருமூச்சு விட்டு
போகலாமா வேண்டாமா என்று யோசிக்கும்.
இறங்குவது இலவசம்.

நாங்கள் எட்டாவது மாடி.
அப்பா தெங்கீஸ் பல் மருத்துவர்.
நோயாளிகள் வராத ஒரு மதியம்
பல் குடையும் கருவியால்
பத்து தெத்ரியின் நடுவில் துளை போட்டு
ஈறுக்குத் தையல் போடும் நூலைக் கோர்த்து வந்தார்.
போடு. பொத்தானை அழுத்து. இழு.
சொத்தையே இல்லாத இடத்தில்
தான் போட்ட ஒரே ஓட்டை இதுதான் என்பார்.
நனூலி அத்தை மட்டும்
ஒன்றும் பேசாமல்
இடது கடைவாயைத் தொட்டுக்கொள்வாள்.

அம்மாவுக்குத் தணிக்கைத் துறையில் வேலை.
திருட்டுக் காசில் ஏற மாட்டேன் என்று
தன் கைப்பையிலிருந்து பத்து தெத்ரி எடுத்துப் போடுவாள்.
நாங்களும் அவளோடு ஏறிக்கொள்வோம்.
அம்மா கூட வரும் நாட்களில்
அப்பாவின் கண்டுபிடிப்புக்கு விடுமுறை.

கதவருகே ஆணியில் தொங்கும் அந்தக் காசு.
எடுத்தவர் திரும்ப மாட்டாவிட்டால்
சாப்பாட்டு மேசையில் விசாரணை நடக்கும்.
அண்ணன் வாஜா வேலை தேடிப் போலந்து போனபோது
சட்டைப் பையில் அதுவும் போய்விட்டது.
போய்ச் சேர்ந்தாயா, சாப்பிட்டாயா,
குளிர் எப்படி என்று ஒன்றும் இல்லை.
அப்பா அவனுக்கு அனுப்பிய முதல் செய்தி:
"நூல் எங்கே?"

ஒரு புத்தாண்டு இரவு
ஷோத்தா மாமா, கையில் கேக்கோடு,
ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார்.
சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்கள்,
எங்கள் லிஃப்ட் சறுக்கக்கூட மறுத்து
அங்கேயே நின்றது.
மாடிக்காரர்கள் நாற்காலி கொண்டுவந்து படியில் போட்டார்கள்.
கதவிடுக்கில் ஒரு ரப்பர் குழாயை விட்டு
ஒயின் ஊற்றினார்கள்.
உள்ளே இருந்தவரையே விருந்துத் தலைவராக்கினார்கள்.
அவர் தாய்நாட்டுக்காக ஒரு முறை,
இறந்தவர்களுக்காக ஒரு முறை,
மெக்கானிக்கின் உடல்நலத்துக்காக மூன்று முறை
வாழ்த்துச் சொல்லி உறிஞ்சினார்.
இரண்டு மணிக்கு மெக்கானிக் வந்தார்.
தன் உடல்நலத்துக்கு என்று கேட்டதும்
அவரும் உட்கார்ந்துவிட்டார்.
கேக் வெளியே வந்தபோது விடிந்திருந்தது.
பாதிதான் வந்தது.

இப்போது அட்டை.
கட்டடச் சங்கத் தலைவி குலிகோ
உண்டியலைக் கழற்றிவிட்டு
கைப்பேசிச் செயலியோடு இணைத்துவிட்டார்.
எட்டு மாடியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்
சத்தமில்லாமல் போய்ச் சேர்கிறோம்.
இறங்கியதும் கைப்பேசி கேட்கிறது:
இன்றைய பயணம் எப்படி இருந்தது?
என் மகள் தெக்லே
குப்பை கொட்டப் போய் வந்தாலும் ஐந்து நட்சத்திரம் போடுகிறாள்.
பெற்ற அம்மாவின் பீன்ஸ் குழம்புக்கு
இதுவரை அவள் போட்டது "ம்".

உண்டியலைக் கழற்றிய அன்று
மெக்கானிக் ஒரு பிளாஸ்டிக் பையை
எங்கள் வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார்.
உள்ளே பதினேழு ஓட்டைக் காசுகள்.
இழுக்கும்போது நூல் அறுந்து விழுந்தவை.
சிவப்பு நூல், கறுப்பு நூல், மீன்பிடி நரம்பு,
ஒன்றில் ஷூ லேஸ்.
எல்லாத் துளையும் ஒரே அளவு,
ஒரே கை.
அம்மா மேசைமேல் வரிசையாக அடுக்கி எண்ணினாள்.
அப்பா சொக்கட்டான் பலகையை விட்டுத் தலை தூக்கவில்லை.
"ஆளுக்கு எவ்வளவு வாங்கினீங்க?" என்றாள்.
"பல்லைக் காட்ட வந்தவங்களுக்கு இலவசம்."

போன வாரம்
என்ன மனநிலையோ, மூன்று நட்சத்திரம் போட்டேன்.
பத்தே நிமிடத்தில் குலிகோவின் அழைப்பு.
என்ன குறை, வெளிச்சம் போதவில்லையா, வாடை வருகிறதா?
யாரும் மாட்டிக்கொள்வதே இல்லை, அதுதான் குறை என்றேன்.
நேர்மையும் பொறுப்பும் பற்றி அவர் ஆரம்பித்தார்.
ஒருகாலத்தில் லிஃப்ட் கதவில்
"மனசாட்சி உள்ளவர்கள் காசு போடுவார்கள்" என்று
எழுதி ஒட்டியவர் அவர்தான்.
முடிக்கும்வரை காத்திருந்து சொன்னேன்:
"உங்க பச்சை நூல் எங்க வீட்டுல பத்திரமா இருக்கு."

மறுமுனையில் கொஞ்ச நேரம் குக்கர் சத்தம் மட்டும்.
அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:
"இந்த அட்டைக்கு
உங்க அப்பா ஏதாவது யோசிச்சு வெச்சிருக்காரா?"