ஆறடி

கடை திறக்க முன்
குகநேசன் அண்ணை என் கையில் சுரண்டியைத் தந்தார்.
"எல்லாத்தையும் எடுத்துவிடும்.
சனம் சந்தோசமா வரட்டும்."
மாகாணம் நள்ளிரவோடு
முகங்களைத் திறந்துவிட்டிருந்தது.

தரையில் இரண்டு வருடத்துப் பாதங்கள்.
மஞ்சள் வட்டத்துக்குள் ஒரு சோடி,
ஆறடி தள்ளி இன்னொரு சோடி.
வெங்காயத் தட்டிலிருந்து காசு மேசைவரை
யாரோ மெல்ல நடந்துபோய்
திரும்பி வராததுபோல.

முழங்காலில் நின்று சுரண்டினேன்.
பனிச்சப்பாத்துகள் கொண்டுவந்த வீதி உப்பும்
அரிசிக் குறுணியும் பசையும்
நகத்துக்குள் ஏறின.
இலேசில் வரவில்லை.
வந்தபோதும் விரல்களை விட்டுவிட்டு
குதிகால் மட்டும் வந்தது.

இவற்றை ஒட்டிய நாளில்
மீன் வெட்டும் சுதர்மன் சொன்னான்:
"ஆறடி எண்டால் என்னெண்டு
எங்கட ஆக்களுக்குச் சொல்லித் தரவேணுமோ?"
சிரித்தோம்.
அந்தச் சித்திரையில் தன் மாமனாரை
அவன் ஐபேட்டில் வழியனுப்பினான்.
மீன்வாடைக் கையை ஏப்ரனில் துடைத்துத் துடைத்து
திரையைத் தொட்டான்.

ஏழிலிருந்து எட்டுவரை
முதியோருக்கும் நோயாளருக்கும் என்ற பலகையும்
கழன்றது.
கண்ணாடியில் அதன் நாலு மூலைக்கும்
டேப்பின் தழும்பு.

அந்தத் தழும்புகளுக்கு நடுவே,
ஏழு மணிக்கு,
பவளராணி.
அஜாக்ஸ் ஏரிக்காற்றில் கோட்டைப் பிடித்தபடி.

அவரிடம் இருப்பது தம்பியின் சிறுநீரகம்.
பதினான்கு மாதம்.
முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்துக்கொண்டே
ஒருமுறை சொன்னார்:
"அதை அந்நியன் எண்டு உடம்பு துரத்தாமலிருக்க
என்ர காவல்காரரை நானே
மருந்து குடுத்து நித்திரையாக்கி வைச்சிருக்கிறன்."

பலகை இருந்த இடத்தைப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.
பிறகு, என் முகத்தில் இல்லாததை.

அது சட்டைப்பையில் இருந்தது.
மடித்து, பேனாவுக்குப் பக்கத்தில்.
மூக்கில் ஏற்றிக்கொண்டு கதவைத் திறந்தேன்.
ஒன்றும் பேசவில்லை, இருவரும்.

பருப்பு எடுத்தார். வெந்தயம் எடுத்தார்.
அப்போது வேலைக்குப் போகும் மூன்று பெடியள்
ரோல்சுக்கும் பிளேன்ரீக்கும் வந்தார்கள்.
ஒருவன் இருமினான்.
வழக்கமான, காலைநேரத்து, ஒன்றுமில்லாத இருமல்.

பவளராணி நின்றுவிட்டார்.
நான் அரைமணிக்கு முன் சுரண்டி முடித்த
அதே இடத்தில்,
இரண்டு கால்களையும் சேர்த்து வைத்து,
அங்கே வட்டம் இன்னும் இருப்பதுபோல.

என்ன செய்வது?
தள்ளி நில்லுங்கோ என்றால்
சட்டம் கேட்பார்கள்.
இவவுக்கு வருத்தம் என்றால்
அவரின் வருத்தத்தை நான்
கடைநடுவில் கூவி விற்றவன் ஆவேன்.

ஓடிப்போய்
வாளிக்குப் பின்னாலிருந்த மஞ்சள் பலகையைத் தூக்கிவந்து
பருப்பு வரிசையின் வாசலில் விரித்து வைத்தேன்.
ஒருவன் வழுக்கி விழுகிற படம்.
தரை ஈரம்.

ஒரு துளி ஈரமில்லை.
மூன்று பெடியளும் மறுபேச்சில்லாமல்
மற்றப் பக்கத்தால் சுற்றிப் போனார்கள்.
ஒருவன் எனக்கு, "சொறி அண்ணை" என்றும் சொன்னான்.

கறிவேப்பிலையை மறந்துவிட்டு
பவளராணி போய்விட்டார்.
வியாழன் வருவார். ஏழுக்கு.

பத்து மணிக்கு குகநேசன் அண்ணை
சப்பாத்து நுனியால் தரையைத் தேய்த்துப் பார்த்தார்.
"எங்கை ஐசே ஈரம்?"

"இன்னும் காயேல்லை அண்ணை" என்றேன்.