பிரித்து எழுதுக

தமிழ்த்துறைக் கூரை ஒழுகியதால்
ஐப்பசி முழுக்க விலங்கியல் கூடத்தில்தான் வகுப்பு.
ஃபார்மலின் வாடையில் நெய்தல் திணை.

இணைவைப் புதுப்பிக்கப் பல்கலைக்கழகத்திலிருந்து
மூன்று பேர் வந்தார்கள், அளவு நாடாவோடு.
குடுவைகளை எண்ணினார்கள்.
பதினேழு. ஒன்றில் பெயர்ச்சீட்டு இல்லை.

நான் நிறுத்தவில்லை.
தொண்டிக் கழியில் தலைவி நாரையிடம்
சேதி சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அந்த மாசத்துல நாரை வராதுங்கய்யா"
என்றாள் சகாய டெல்பின், காரங்காட்டுப் பெண்.
"அலையாத்திக்குள்ள அப்பா கூடப் போயிருக்கேன்.
வெறும் நீர்க்காகம்தான் நிக்கும்."

பக்கத்து அறையிலிருந்து
பறவைப் பதிவேட்டோடு வந்துவிட்டார் ரிபாயுதீன் சார்.
ஆமாம், ஆறு வருடக் கணக்கிலும் இல்லை.

கடைசி பெஞ்சில் வரலாற்றுத்துறைப் பையன்,
மழைக்கு ஒதுங்கியவன்:
"பாட்டுல வர்ற தொண்டி சேரநாட்டுதுய்யா.
அந்தக் கரை வேற. நாரையும் வேற."

நாடா பிடித்தவர் கொஞ்ச நேரம்
நாடாவை மறந்து நின்றார்.
பிறகு படிவத்தில் எழுதினார்:
தனி வகுப்பறை இல்லை. குறை, ஒன்று.

அவர்கள் வேன் ஏறியபின்
கரும்பலகையில் எழுதினேன்:
பல்கலை. பிரித்து எழுதுக.

மணி அடித்தது. அழிக்கவில்லை.
அடுத்த வகுப்புக்கு
தவளை ஏற்கெனவே மேசையில் இருந்தது.