கீழ்த்தகடு

திங்கள் முதல் வெள்ளிவரை
புக்கிட் மெர்தாஜாம் அரசாங்கப் பல் கிளினிக்கில்
அடுத்தவர் வாய்க்குள் விளக்குப் பிடிக்கிறேன்.
ஞாயிற்றுக்கிழமைகளில்
சிம்பாங் அம்பாட்டில்
கார் மெத்தை தைக்கும் ஆ லியோங் கடைக்குப் பின்னால்
வாடகை ஷெட்டில்
ஓர் இறக்கைக்குள் கை விடுகிறேன்.

பதினான்கு விலாக்கள்.
பெட்டியைப் பிரித்தபோது ஒவ்வொன்றும்
வாழைப்பழம் மாதிரி லேசாக வளைந்திருந்தது.
விளிம்பை இடுக்கியால் கிள்ளிக் கிள்ளி
நேராக்கியது நான்.
கண்ணாடி மேசையில் படுக்க வைத்து
அடியில் வெளிச்சம் கசிகிறதா என்று குனிந்து பார்த்து
இன்னும் ஒரு கிள்ளு.
துளையோரத்தில் நிற்கும் பிசிறு
நாக்கில் இடறும் உடைந்த பல்.
அதைச் சீவ எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

தனபாலனுக்கும் எனக்கும் பேச்சில்லை,
இன்றோடு பதினோரு நாள்.
எஞ்சினுக்கு முன்பணம் கட்ட
இ.பி.எஃப் பணத்தை எடுத்திருக்கிறார்.
சொன்னது அவரில்லை, அவர் போனுக்கு வந்த குறுஞ்செய்தி.
சோறு மேசையில் இருக்கும்.
சாவி ஆணியில் இருக்கும்.
அவ்வளவுதான் குடும்பம்.

ஆனால் கீழ்த்தகட்டைத் தனியாள் மூட முடியாது.
நீலப் பிளாஸ்டிக்கை உரித்துவிட்டு
பாய் விரிப்பதுபோல்
வரிசை வரிசையாக இறக்கிக்கொண்டே வரவேண்டும்.
வெளியே ரிவெட் துப்பாக்கியோடு அவர்.
உள்ளே தோள்வரை நான்,
உள்ளங்கையில் ஓர் இரும்புக் கட்டியோடு.
விலாவின் நடு ஓட்டையில் அவர் முழங்கை சிக்கும்.
என்னுடையது போகும்.
அவர் அடிப்பது எனக்குத் தெரியாது.
நான் தாங்குவது அவருக்குத் தெரியாது.

ஆகவே பேசினோம்.
“ரெடி?”
“அடி.”
டர்ர்ர்.
“சரி.”
‘அடிங்க’வில் இருந்த ‘ங்க’வை
பதினோரு நாளுக்கு முன்பே வெட்டி எடுத்திருந்தேன்.
கவனித்தாரா, தெரியாது.
“ரெடி?” என்றார் மறுபடி.

அறுபதோ அறுபத்தொன்றோ, ஒன்று
சாய்ந்து படுத்தது.
விரல் நுனி சொல்லிவிட்டது.
“இல்லை,” என்றேன்.
ஏன், எப்படி, ஒன்றும் கேட்காமல்
துளைத்து எடுத்துப் புதியது வைத்தார்.
இருபது வருடத்தில்
என் ‘இல்லை’ இவ்வளவு சுலபமாகப் போனது
இந்த இறக்கையில்தான்.

நாலு மணிக்கு மழை.
தகரக் கூரையின் கீழே
‘ரெடி’ எது, மழை எது என்று பிரியவில்லை.
கோப்பி ஓ வாங்கப் போனார்.

அந்த நேரத்தில்தான்
ஒன்பதாம் விலாவில் மார்க்கரால் எழுதினேன்.
பென்சில் கூடாது, அலுமினியத்தை அரிக்கும்.
இருபத்தெட்டாயிரத்து நானூறு வெள்ளி.
தேதி. என் கையெழுத்து.
ஒவ்வொரு கிராமுக்கும் கணக்குக் கேட்கும் கையேடு
மைக்குக் கேட்கவில்லை.
இனி யாராவது படிக்க வேண்டுமென்றால்
இறக்கையை உடைக்கவேண்டும்.

வந்தார்.
உள்ளே விழுந்த ஆணி, மறந்த துணி ஏதும் கிடக்கிறதா என்று
மூடுமுன் டார்ச் அடித்துப் பார்ப்பது வழக்கம்.
வெளிச்சம் ஒன்பதில் நின்றது.
ஆ லியோங்கின் தையல் மெஷின்
ஓடி, நின்று, மறுபடி ஓடியது.
ஆணியில் மாட்டிய கோப்பிப் பொட்டலம் சொட்டிக்கொண்டிருந்தது.

கையை நீட்டினார்.
மார்க்கரைக் கொடுத்தேன்.

தகட்டோரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு
நாக்கு நுனி வெளியே தெரிய
பரீட்சை எழுதும் பையன் மாதிரி எழுதினார்.
எட்டிப் பார்த்திருக்கலாம்.
பார்க்கவில்லை.
மை காய ஊதினார், இரண்டு முறை.
தகட்டை இறக்கினார்.

என் கை உள்ளே போனது.
ஒன்பதாம் விலாவில் விரலை ஓட்டினேன்.
மைக்கு மேடில்லை, பள்ளமில்லை.
எத்தனை வரி, எண்ணா எழுத்தா,
மன்னிப்பா, எஞ்சின் விலையா,
ஒன்றும் புரியவில்லை.
கட்டியை அடுத்த துளைக்கு நகர்த்தி அழுத்தினேன்.

“கோப்பி ஆறுது,” என்றார்
தகட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

“ஆறட்டும். அடிங்க.”