தெரிந்த வழியைக் கேட்டல்

தெரிந்த படியை வைத்துத் தராசைச் சோதிப்பதுபோல
ஒவ்வொரு ஜி.பி.எஸ். பெட்டியிடமும்
என் வீட்டைத்தான் கேட்டேன்,
ஸ்டான்லி வீதிக் கடையில்,
வானைப் பிழையான இடத்தில் விட்டுவிட்டு.

முதலாவதுக்குப் பெரிய திரை.
கோண்டாவிலில் என் ஒழுங்கை வரைக்கும் வந்து
அம்பிகைபாகன் வீட்டுக் கிணற்றுக்குள்
"வந்து சேர்ந்துவிட்டீர்கள்" என்றது.

இரண்டாவது மலிவு.
கண்ணாடியில் ஒட்டுகிற ரப்பர்
சித்திரை வெயிலுக்கு இளகி விழுமென்று
தொட்டபோதே விரலுக்குத் தெரிந்தது.

மூன்றாவதிடம், வீட்டை விட்டு, மயிலிட்டியைக் கேட்டேன்.
கனநேரம் யோசித்தது.
நீலக் கோடு தெல்லிப்பழை தாண்டி
முன்பு முள்ளுக்கம்பி நின்ற இடத்தில் நின்றது.
"இதற்கப்பால் தகவல் இல்லை."

"ரோட்டுத் திறந்து வருஷமாகுது அண்ணை,
இதின்ர மப் பழசு"
வெட்கப்பட்டான் கடைப் பெடியன் டிலுக்சன்.

எனக்கு அதுதான் பிடித்தது.
இரவு இரண்டு மணி, கட்டுநாயக்காவுக்கு இன்னும் தூரம்,
பின்சீற்றில் பாஸ்போட்டை எண்ணி எண்ணிப் பார்க்கிற சனம்.
தெரியாததைத் தெரியுமென்கிற குரலை
பக்கத்தில் வைத்துக்கொண்டு என்ன செய்ய?

ஐந்நூறு குறைத்தான்.
சார்ஜர் வயருக்குத் தனிக்காசு.

திரும்பும்போது அதனிடமே வீட்டைக் கேட்டேன்,
குணம் பார்க்க.
பத்து நிமிஷ வழி.
கோப்பாயால் சுற்றிக் கூட்டிக்கொண்டு போகிறது.
நான் மறுபேச்சில்லாமல் திருப்புகிறேன்.
சோறு ஆறிப்போயிருக்கும்.